வானத்தில் பறந்த விசைத்தறித் தொழிலாளி! படம் தியேட்டருக்கு வந்தபோது அவர் உயிரோடு இல்லை!

மராட்டிய மாநிலம் மாலேகான் நகரம். 2023-ம் ஆண்டு நவம்பர் 12-ந்தேதி. தீபாவளி ஞாயிறு. சல்மான்கான் நடித்த "டைகர் 3" படம் அன்றுதான் ரிலீஸ்.

தியேட்டரில் கூட்டம் நெரிந்தது. திரையில் சல்மான்கான் வந்ததும் விசில் பறந்தது. விசிலோடு நிற்கவில்லை. ரசிகர்கள் சிலர் கொண்டுவந்திருந்த பட்டாசை உள்ளேயே கொளுத்தினார்கள். ராக்கெட் வாணங்கள் தலைக்கு மேல் சீறிப் பாய்ந்தன.

ஒரே புகை. ஒரே அமளி. படம் பார்க்க வந்தவர்கள் சீட்டை விட்டு எழுந்து, விழுந்தடித்து ஓடினார்கள். போலீசார் வழக்குப் பதிவு செய்தார்கள். தனக்கும் பிறருக்கும் ஆபத்தில்லாமல் படத்தை ரசியுங்கள் என்று மறுநாள் சல்மான்கானே கேட்டுக்கொள்ளும்படி ஆகிவிட்டது.

"அந்த ஊர்க்காரர்களுக்கு சினிமாப் பைத்தியம்" என்று சொல்லிவிட்டு எல்லோரும் வேறு வேலையைப் பார்க்கப் போய்விட்டார்கள்.

பைத்தியம்தான். ஆனா அதே ஊரில் அதே பைத்தியம் பிடித்த வேறு சில வாலிபர்கள், பட்டாசைக் கொளுத்தவில்லை. காமிராவைத் தூக்கினார்கள். கையில் காசில்லை, பின்னால் முதலாளி இல்லை. சொந்தமாகப் படமே எடுத்துவிட்டார்கள்!

அதில் ஒருவர் விசைத்தறித் தொழிலாளி. அவர்தான் "சூப்பர்மேன்". அவர் கதை சிரிப்பில் ஆரம்பித்துக் கண்ணீரில் முடிந்த கதை.

வெள்ளிக்கிழமை லீவு

மாலேகான், நாசிக் மாவட்டத்தில் பம்பாய்-ஆக்ரா சாலையில் இருக்கிறது. பம்பாயிலிருந்து 280 கிலோ மீட்டருக்கு மேல். ஊரை மோசம் ஆறு ரெண்டாகப் பிரிக்கிறது. நாலு லட்சம் பேருக்கு மேல் வசிக்கிற ஊர். பெரும்பாலோர் முஸ்லிம்கள். வடக்கே உத்தரப்பிரதேசப் பக்கமிருந்து பல தலைமுறைக்கு முன் பிழைக்க வந்த நெசவாளர் குடும்பங்கள் நிறைய.

ஊர் முழுக்க விசைத்தறி. தெருவில் நின்றால் "தடதட"வென்ற சத்தம்தான். தறிக்கூடத்துக்குள் பக்கத்தில் நிற்பவர் பேசினால்கூடக் கேட்காது. 12 மணி நேர ஷிப்டு. காற்றெல்லாம் பஞ்சுத் தூசி.

வாரத்தில் வெள்ளிக்கிழமை ஒரு நாள்தான் தறி நிற்கும். கையில் கூலி இருக்கும். தொழுகை முடிந்ததும் கூட்டம் நேராக சினிமாவுக்குப் போகும். டிக்கெட் கிடைக்காதவனுக்கு அந்தக் காலத்தில் வீடியோ கொட்டகை இருந்தது.

வீடியோ கொட்டகை வாலிபர்

அப்படி ஒரு வீடியோ கொட்டகை நடத்தி வந்தவர்தான் நாசிர் ஷேக். வாடிக்கையாளர்களுக்குப் படம் போட்டுக் காட்டுவது தொழில். ஒரே படத்தைத் தினம் நாலு தடவை பார்க்கவேண்டி வந்தது.

அதுவே அவருக்குப் பள்ளிக்கூடம் ஆனது. எந்தக் காட்சியில் ஜனம் சிரிக்கிறது, எங்கே கொட்டாவி விடுகிறது, எங்கே எழுந்து பீடி பிடிக்கப் போகிறது என்பதெல்லாம் அத்துப்படி ஆகிவிட்டது. பெரிய டைரக்டர்களுக்கும் கிடைக்காத படிப்பு அது!

"நாமே ஒரு படம் எடுத்தால் என்ன?" என்ற யோசனை வந்தது. எடிட்டிங் மேஜை கிடையாது. ரெண்டு வி.சி.ஆரை வைத்துக்கொண்டு, ஒன்றில் ஓடவிட்டு இன்னொன்றில் தேவையானதை மட்டும் பதிவு செய்வது. படத்தை வெட்டி ஒட்டும் வேலை இப்படித்தான் நடந்தது.

குதிரைக்குப் பதில் சைக்கிள்!

2000-ம் ஆண்டு "மாலேகான் கே ஷோலே" வெளிவந்தது. 1975-ல் வந்து சக்கைப்போடு போட்ட "ஷோலே" படத்தின் நையாண்டி.

அசல் படத்தில் கொள்ளைக்காரர்கள் குதிரையில் வருவார்கள். குதிரைக்கு மாலேகான் கோஷ்டி எங்கே போகும்? கொள்ளைக்காரர்கள் சைக்கிளில் வந்தார்கள். "டிரிங் டிரிங்" என்று மணியடித்துக்கொண்டு கொள்ளையடிக்க வந்தால் எப்படி இருக்கும்? ஜனம் வயிறு வலிக்கச் சிரித்தது. கப்பர் சிங், "ரப்பர் சிங்" ஆனார். பசந்தி, "பாஸ்மதி" ஆனாள்.

செலவு சுமார் 50 ஆயிரம் ரூபாய். அந்தக் காலத்தில் பம்பாய் ஸ்டுடியோவில் ஒரு பாட்டுக்கு செட் போடக்கூட அது காணாது. நடித்தவர்கள் எல்லாம் தறி ஓட்டுபவர்கள், கடை வைத்திருப்பவர்கள், சும்மா சுற்றுபவர்கள். யாருக்கும் பெரிய சம்பளம் கிடையாது. வேலை இல்லாத நாளில் ஷூட்டிங்.

ஒரு கஷ்டம் மட்டும் தீரவில்லை. உள்ளூர்ப் பெண்கள் நடிக்க வரமாட்டார்கள். ஊர்க் கட்டுப்பாடு. கதாநாயகியை வெளியூரிலிருந்து அழைத்து வரவேண்டும். அந்தச் செலவுதான் நாசிருக்குப் பெரிய செலவு.

காட்சிக்குக் காட்சி கூட்டம் முண்டியடித்தது. போட்ட பணம் வந்தது. மேலேயும் லாபம் கிடைத்தது. காரணம் லேசானது. ஷோலேயில் வந்த ஊர் யாரோ கட்டிய செட். இதில் வந்தது அவரவர் தெரு. பேசிய பேச்சு, அவரவர் வீட்டுப் பேச்சு. மின்வெட்டு, சாக்கடை, குப்பை எல்லாம் வசனத்தில் வந்தன.

நாசிர் கோஷ்டியைப் பார்த்து மற்றவர்களும் கிளம்பினார்கள். நையாண்டிப் படம் எடுப்பதே அந்த ஊரில் ஒரு குடிசைத் தொழில் ஆகிவிட்டது.

லாரியில் பச்சைத் துணி

அடுத்து ஆசை ஆகாயத்துக்குத் தாவியது. "மாலேகான் கா சூப்பர்மேன்" எடுக்க முடிவு செய்தார்கள்.

1978-ல் ஹாலிவுட்டில் எடுத்த "சூப்பர்மேன்" படத்துக்கு ஆன செலவு சுமார் 5½ கோடி டாலர். கம்பி கட்டி, கிரேனில் தூக்கி, விசேஷக் காமிரா வைத்துக் கதாநாயகனைப் பறக்கவிட்டார்கள். தந்திரக் காட்சிக்காக அந்தப் படத்துக்கு ஆஸ்கார் விருதும் கிடைத்தது.

மாலேகானில் இருந்ததோ ஒரு சின்ன வீடியோ காமிராவும் கொஞ்சம் பச்சைத் துணியும்தான்.

நடிகரைப் பச்சைத் துணிக்கு முன்னால் வைத்துப் படம் பிடிப்பார்கள். பிறகு கம்ப்யூட்டரில் பச்சை நிறத்தை மட்டும் நீக்கிவிட்டு, அந்த இடத்தில் வானத்தையோ கட்டிடத்தையோ சேர்த்து விடுவார்கள். பார்ப்பவர்களுக்கு ஆள் பறப்பது மாதிரி தெரியும். "குரோமா" என்று இதற்குப் பெயர். பணக்கார ஸ்டுடியோவில் நடக்கிற இந்த வேலையை நாசிர் கற்றுக்கொண்டு வந்து தெருவில் செய்தார். லாரியில் பச்சைத் துணியைக் கட்டினார். அதன் முன்னால் "சூப்பர்மேனை"த் தொங்கவிட்டார்!

காமிராவை ஆடாமல் நகர்த்தத் தண்டவாளம் வேண்டுமே? சைக்கிளில் உட்கார்ந்து படம் பிடித்தார்கள். உயரத்திலிருந்து எடுக்கக் கிரேன் வேண்டுமே? மாட்டுவண்டி கைகொடுத்தது.

"சூப்பர்மேன்" யார்?

பெயர் ஷபீக் ஷேக். விசைத்தறித் தொழிலாளி. ஆள் ஒல்லி. ஊதினால் விழுந்துவிடுவார் போல் இருப்பார். அவருக்கு நீலச் சட்டை, சிவப்பு ஜட்டி, முதுகில் சிவப்புத் துணி. ஜட்டியின் நாடா முன்னால் தொங்கிக்கொண்டிருக்கும்.

அந்த வேஷத்தில் தெருவில் நின்றால் சிறுவர்கள் பின்னாலேயே ஓடி வருவார்கள். பகலெல்லாம் தறிச் சத்தத்தில் யாருக்கும் தெரியாமல் நின்ற ஆள், ஒரே நாளில் ஊரறிந்த ஆள்.

வில்லனாக அக்ரம் கான். வசனம் பரோக் ஜாப்ரி. பம்பாய் இவர்களுக்கு ஒரு ராத்திரி பஸ் தூரம். ஆனா பம்பாய் சினிமாவின் கதவு அத்தனை சுலபத்தில் திறப்பதில்லை.

ஷூட்டிங்கில் வந்த சோதனைகள் கொஞ்சநஞ்சமல்ல. இருந்த ஒரே காமிரா தண்ணீரில் விழுந்தது! எல்லோர் முகமும் செத்துப்போனது. அதைப் பழுது பார்த்து மறுபடி ஆரம்பித்தார்கள். நடுவில் சூப்பர்மேனுக்குக் கல்யாணம் வந்தது. மாப்பிள்ளை ஆகி, மறுபடி சிவப்புத் துணியைக் கட்டிக்கொண்டு வந்து நின்றார் ஷபீக்.

இத்தனையையும் பக்கத்திலிருந்து இன்னொரு காமிரா பதிவு செய்துகொண்டிருந்தது. ஃபைசா அகமது கான் என்ற பெண் டைரக்டர் எடுத்த "சூப்பர்மென் ஆப் மாலேகான்" என்ற உண்மைப் படம் அது. 2008-ல் தயாரானது. வெளிநாட்டுத் திரைப்பட விழாக்களுக்கெல்லாம் போனது.

குண்டு வெடித்த ஊர்

அந்தச் சமயத்தில் மாலேகான் பெயர் பத்திரிகைகளில் வேறு காரணத்துக்காக அடிபட்டுக்கொண்டிருந்தது.

2006-ம் ஆண்டு செப்டம்பர் 8-ந்தேதி வெள்ளிக்கிழமை, தொழுகை முடிந்த நேரத்தில் குண்டுகள் வெடித்து 30 பேருக்கு மேல் பலியானார்கள். 2008-ம் ஆண்டு செப்டம்பர் 29-ந்தேதி மறுபடி குண்டு வெடித்து 6 பேர் இறந்தார்கள். மாலேகான் என்றாலே குண்டு, போலீஸ், கோர்ட்டு என்று ஆகிவிட்டது.

அப்படிப்பட்ட ஊரில் ஜனங்களைச் சிரிக்க வைக்க ஒரு கோஷ்டி வெயிலில் லாரிக்குப் பின்னால் ஓடிக்கொண்டிருந்தது என்பது வெளியே பலருக்குத் தெரியாது.

வாயில் வந்த எமன்

தறிக்கூடங்களில் பாக்கும் புகையிலையும் சகஜம். ராத்திரி ஷிப்டில் கண் சொக்காமல் இருக்க வாயில் போட்டு அடக்கிக்கொள்வார்கள். அப்போது ஒரு பாக்கெட் குட்காவுக்குச் சில்லறைக் காசு போதுமாக இருந்தது. டீயை விட மலிவு.

ஷபீக்குக்கும் அந்தப் பழக்கம் இருந்தது. வாயில் புற்றுநோய் வந்தது.

படத்தில் ஊரையே காப்பாற்றிய சூப்பர்மேனை, ஊர் காப்பாற்ற முடியவில்லை. 2011-ல் ஷபீக் இறந்துபோனார். சாகிற வயசே இல்லை.

2012-ம் ஆண்டு ஜூன் மாதக் கடைசியில் ஃபைசாவின் படம் இந்தியாவில் பெரிய நகரத் தியேட்டர்களுக்கு வந்தது. ஏ.சி. தியேட்டரில் உட்கார்ந்து ஜனங்கள் பார்த்தார்கள். திரையில் ஷபீக் பறந்தார். எல்லோரும் கை தட்டினார்கள். அதைக் கேட்க அவர் இல்லை.

அடுத்த மாதமே, 2012 ஜூலையில், மராட்டிய அரசாங்கம் குட்கா விற்பனைக்குத் தடை போட்டது. ஷபீக்குக்கு அது காலம் கடந்து வந்த உத்தரவு.

பம்பாயே தேடி வந்தது

பம்பாய்க்குப் போக ஏங்கிய கோஷ்டியைத் தேடிக் கடைசியில் பம்பாயே வந்தது. ரீமா காக்டி டைரக்ட் செய்த "சூப்பர்பாய்ஸ் ஆப் மாலேகான்" என்ற இந்திப் படம் இவர்கள் கதைதான். 2024-ல் கனடா நாட்டு டொரண்டோ பட விழாவில் காட்டப்பட்டது. 2025-ம் ஆண்டு பிப்ரவரி 28-ந்தேதி தியேட்டர்களில் ரிலீஸ் ஆனது. நாசிராக ஆதர்ஷ் கவுரவ், ஷபீக்காக சஷாங்க் அரோரா நடித்தார்கள்.

அதில் மாலேகான் காட்சிகளுக்கு செலவான பணத்தில் நாசிர் கோஷ்டி எத்தனை ஷோலே எடுத்திருக்கும் என்று கணக்குப் போட்டால் தலை சுற்றும்.

ரெண்டு ரசிகர்கள்

தியேட்டருக்குள் ராக்கெட் விட்டவனும் ரசிகன்தான். முதுகில் சிவப்புத் துணி கட்டி லாரியில் தொங்கியவனும் ரசிகன்தான். ரெண்டு பேரும் அதே வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் வந்தவர்கள். ரெண்டு பேர் பாக்கெட்டிலும் அதே கூலிக் காசு.

ஒருவன் காசைக் கொளுத்தினான். அரை நிமிஷம் வெளிச்சம். மிச்சம் போலீஸ் கேஸ்.

இன்னொருவன் தன் லீவு நாளைக் கொடுத்தான். அவன் போய் வருஷங்கள் ஆகியும் அவன் பறந்த படத்தை ஜனங்கள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். 20 வயசில் பெட்டிக்கடை வாசலில் பாக்கெட்டைக் கிழிக்கிற பையன்கள் பார்க்கவேண்டிய படம் அது. சிரித்துவிட்டு வரலாம். வரும்போது கையிலிருக்கும் பாக்கெட்டைத் தூக்கி எறிந்துவிட்டும் வரலாம்.