அளந்து தரப்பட்ட நாட்களும் ஆண்டவரின் கொடையே



இறைவாக்கினர் எலியா ஒருமுறை சாவை வேண்டினார். அரசி ஈசபேலின் சினத்துக்கு அஞ்சிப் பாலைநிலத்துக்குள் ஒரு நாள் தொலைவு நடந்த அவர், ஒரு செடியின் நிழலில் அமர்ந்து, தமக்கு வாழ்ந்தது போதும் என்று ஆண்டவரிடம் முறையிட்டதாக அரசர்கள் முதல் நூலின் 19ஆம் அதிகாரம் எடுத்துரைக்கின்றது. அந்த மன்றாட்டுக்கு இறைவன் அளித்த மறுமொழி வியப்புக்குரியது. அவர் எலியாவைக் கடிந்துகொள்ளவில்லை. துன்பத்தின் பொருள் யாதென விளக்கவுமில்லை. முதலில் அவரை உறங்கவிட்டார். பின்னர் வானதூதர் வழியாகத் தணலில் சுட்ட அப்பத்தையும் நீரையும் அனுப்பினார். இருமுறை உண்ணவும் பருகவும் செய்த பின்னரே, அவர் செல்லவேண்டிய பயணமொன்று எஞ்சியிருப்பதை உணர்த்தினார்.

உறக்கம், அப்பம், நீர், பயணம். மூளைப் புற்றுநோய் போன்றதொரு கொடிய நோயோடு வாழ்வோருக்கும், அவர்களைத் தாங்கி நிற்கும் குடும்பத்தினருக்கும் இந்த எளிய கொடைகள் எதைக் கற்பிக்கின்றன என்பதை இவ்வாரம் உங்களோடு சிந்திக்க விரும்புகின்றேன்.

மூளையில் தோன்றும் கட்டிகள் யாவும் ஒரே தன்மையன அல்ல. உலக சுகாதார நிறுவனம் அவற்றை 1 முதல் 4 வரையான தரங்களாக வகுத்துள்ளது. முதலாம் தரத்தைச் சேர்ந்தவை மெதுவாக வளர்பவை. அவற்றுள் சத்திரசிகிச்சையால் முற்றாக அகற்றக்கூடியவையும் உண்டு. நான்காம் தரத்தைச் சேர்ந்த கிளியோபிளாஸ்டோமா என்பதோ மிகக் கடுமையானது. சத்திரசிகிச்சை, கதிர்வீச்சு, மருந்து என அனைத்தையும் செய்தாலும் அதற்கு ஆளாவோருள் பெரும்பாலோர் ஓரிரு ஆண்டுகளே வாழ்கின்றனர். அன்றியும், இந்நோய் மனிதரின் நடையையும் பேச்சையும் நினைவையும், சிலரில் குணத்தையுமே தொட்டுவிடுகின்றது. அதனால்தான் இதன் பெயரைக் கேட்டதுமே ஒரு வீட்டில் சிரிப்பொலி நின்றுவிடுகின்றது. நோயாளர் உயிரோடிருக்கும் போதே துக்க வீட்டின் அமைதி அங்கு குடிபுகுந்துவிடுகின்றது. அது தேவைதானா?

ஐக்கிய அமெரிக்காவில் கே.பி.எம்.ஜி. என்னும் மாபெரும் கணக்காய்வு நிறுவனத்தின் தலைமைப் பொறுப்பில் இருந்தவர் யூஜின் ஓகெல்லி. 2005ஆம் ஆண்டு மே மாதத்தில், அவருடைய முகத்தின் ஒரு பக்கத் தசை சற்றே தொய்ந்திருப்பதை அவர் மனைவி கவனித்தார். பரிசோதனையில் தெரியவந்தது கிளியோபிளாஸ்டோமா. அப்பொழுது அவருக்கு வயது 53. வைத்தியர்கள் கூறிய காலம் சில மாதங்கள் மட்டுமே.

அதுவரை அவர் பயணம் செய்யாதவரா? வாழ்நாளெல்லாம் பயணம் செய்தவர். ஒரு குறுகிய சந்திப்புக்காகக் கண்டங்களைக் கடந்து பறந்தவர். வரவிருக்கும் மாதங்களின் ஒவ்வொரு மணித்தியாலத்தையும் நாட்குறிப்பில் முன்கூட்டியே ஒதுக்கிவைத்தவர். ஆனால் தம் மனைவியோடு வேலைநாளொன்றில் மதிய உணவு அருந்த அவருக்கு நேரம் வாய்த்ததில்லை எனலாம். எத்தனையோ ஊர்களுக்குச் சென்றவர், அருகில் இருந்தவர்களிடம் வந்து சேராமலே இருந்துவிட்டார்.

நோய் அறியப்பட்டதும் அவர் பதவியைத் துறந்தார். ஒரு தாளில் வட்டத்துக்குள் வட்டமாக வரைந்து, தம் வாழ்வில் தொடர்புற்றோரை அவற்றில் நிரைப்படுத்தினார். வெளிவட்டத்தில் அறிமுகமானோர், உள்ளே நண்பர்கள், நடுவட்டத்தில் மனைவி. வெளியிலிருந்து தொடங்கி ஒவ்வொருவருக்கும் நன்றி கூறி விடைபெற்றார். சிலருக்கு மடல் எழுதினார். சிலரோடு பூங்காவில் உலாவினார். சிலரோடு அமர்ந்து உணவருந்தினார். நீர்நிலையின் கரையில் அமைதியாக அமர்ந்திருப்பதும், மகளோடு செலவிடும் பொழுதும் அவருக்கு நிறைவான கணங்களாயின. முந்திய 5 ஆண்டுகளில் தாம் அடைந்தவற்றைவிட அதிகமான நிறைவான கணங்களை 2 வாரங்களில் அடைந்ததாக அவர் தம் நினைவுநூலில் குறித்திருக்கின்றார். 2005 செப்டெம்பர் 10ஆம் நாள் அவர் இறைவனடி சேர்ந்தார். அந்நூலின் இறுதிப் பகுதியை அவருடைய மனைவியே எழுதி முடித்தார்.

அன்பர்களே, அவருக்குக் கிடைத்தவை நூற்றுக்குச் சற்றே மேற்பட்ட நாட்கள். அந்நாட்களில் அவர் புதிதாக எதையும் சம்பாதிக்கவில்லை. முன்பே தம் வீட்டில் இருந்தவற்றை, தம் அருகில் இருந்தவர்களை, முதன்முறையாகக் கண்திறந்து பார்த்தார். எலியாவுக்குத் தரப்பட்ட அப்பமும் நீரும் அவை.

இன்னொரு வாழ்க்கை இதனினும் நம் நம்பிக்கைக்கு நெருக்கமானது. பிலிப் ஜோன்சன் என்ற இளைஞர் அமெரிக்கக் கடற்படையில் அதிகாரியாக இருந்தார். 2008ஆம் ஆண்டு வளைகுடாப் பகுதியில் பணியாற்றிய வேளை, ஒரு வார காலத்தில் பலமுறை வலிப்பு அவரைத் தாக்கியது. பஹ்ரேனிலுள்ள கடற்படை வைத்தியசாலையில் எடுத்த படங்கள், குணப்படுத்த இயலாத மூளைப் புற்றுநோயைக் காட்டின. அவருக்கு வயது 24. இவ்வகை நோயுற்றோர் சராசரியாக 18 மாதங்கள் வாழ்வர் என்பதே அன்றைய ஆய்வுகளின் கணிப்பு. அவர் முகாமிலிருந்த சிற்றாலயத்துக்குள் சென்று, தரையில் விழுந்து அழுதார். ஏன் எனக்கு என்று இறைவனிடம் கேட்டார். நாமும் கேட்டிருக்க மாட்டோமா?

கடற்படையிலிருந்து விடுவிக்கப்பட்ட அவர், இளமை முதல் தம் உள்ளத்தில் ஒலித்துவந்த அழைப்புக்குச் செவிசாய்த்துக் குருமடம் புகுந்தார். 18 மாதங்களே வாழக்கூடிய ஒருவர் பல ஆண்டுப் பயிற்சியைத் தொடங்குவது மனித அறிவுக்குப் பொருந்துமா? ஆயினும் தொடங்கினார். அக்காலத்தில் பிரான்ஸ் நாட்டிலுள்ள லூர்து நகருக்கும் யாத்திரை சென்றார். தாமே நோயாளராக இருந்தும், அங்கு வந்த மற்ற நோயாளருக்குப் பணிவிடை செய்தார். 2017 ஜனவரி 7ஆம் நாள், வட கரோலினாவின் ரலே மறைமாவட்டத்துக்காகக் குருவாகத் திருநிலைப்படுத்தப்பட்டார்.

இதைப் படிப்போர், அவர் அஞ்சாத வீரர் என எண்ணிவிடக் கூடாது. 2014ஆம் ஆண்டு, இதையொத்த நோயுற்ற 29 வயதுப் பெண்ணொருவர், சட்டம் அனுமதித்த மாநிலமொன்றுக்குக் குடிபெயர்ந்து, குறித்த காலத்தில் தம் உயிரைத் தாமே முடித்துக்கொள்ளப் போவதாக உலகறியச் சொன்னார். அவ்வேளை ஜோன்சன் உருக்கமான கட்டுரை ஒன்றை எழுதினார். அதில் அவர் அப்பெண்ணைச் சாடவில்லை. தாமும் சாக விரும்பவில்லை. உடலும் அறிவும் ஒவ்வொன்றாகச் செயலிழக்கும் நாளை எண்ணித் தாமும் அஞ்சுவதுண்டு என்று ஒப்புக்கொண்டார். அத்தகைய நாட்களிலும் மனித வாழ்வு மதிப்பிழப்பதில்லை என்பதே அவர் சான்று.

சாவை விரும்பிக் கேட்கும் நோயாளரின் சொற்களுக்குப் பின்னால் பெரும்பாலும் வேறொரு கேள்வி மறைந்திருக்கின்றது. நான் உங்களுக்குப் பாரமாகிவிட்டேனா? அதற்கு விடை கூறவேண்டியவர்கள் நாம். நம் திருச்சபை உயிரை வலிந்து முடிப்பதை ஏற்பதில்லை. அதேவேளை, பயனின்றி வருத்தத்தை மட்டுமே கூட்டும் சிகிச்சைகளைத் தொடரவேண்டும் என்று எவரையும் அது கட்டாயப்படுத்துவதுமில்லை. எஞ்சிய நாட்களை வலிநீக்கும் பராமரிப்போடும் அன்போடும் வாழவைப்பதையே அது நம்மிடம் கேட்கின்றது.

லூர்து நகரை ஒரு கணம் எண்ணிப் பாருங்கள். அன்னை மரியாள் 1858இல் பெர்னதெத்துக்கு 18 முறை காட்சியளித்த அந்நகரில், நோயாளருக்கே முதலிடம். நீலநிறக் கைவண்டிகளில் அவர்களை அமர்த்தி, தொண்டர்கள் இழுத்துச் செல்கின்றனர். மாலையில் மெழுகுதிரி ஏந்திய பவனி நகர்கின்றது. இன்றுவரை அற்புதக் குணமெனத் திருச்சபை முறைப்படி ஏற்றவை 70ஐச் சற்றே தாண்டும். அங்கு சென்ற கோடிக்கணக்கானோரில் மிகப் பெரும்பாலோர் நோயோடுதான் வீடு திரும்பினர். ஆயினும் மக்கள் செல்வது குறையவில்லையே, ஏன்? அங்கு நோயாளர் எவரும் மூலையில் ஒதுக்கப்படுவதில்லை. தம்மைப் போன்றோர் ஆயிரமாயிரமாய்ச் செபிப்பதையும் பாடுவதையும் கண்டு, தாம் தனித்தவரல்லர் என்று தெளிகின்றனர். திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுலின் இறுதி வெளிநாட்டுப் பயணமும், 2004 ஆகஸ்ட் 14, 15ஆம் நாட்களில், லூர்துக்கே அமைந்தது. நடுங்கும் உடலோடு, நோயாளருள் ஒரு நோயாளராக அவர் அங்கு முழந்தாளிட்டார்.

அதே ஆகஸ்ட் 15ஆம் நாளில் மடுமாதாவின் திருவிழாவுக்குச் செல்லும் வழக்கம் நம் குடும்பங்களில் உண்டு. வீட்டில் நோயுற்றவர் இருந்தால், அவரை விட்டுவிட்டு அவருக்காக நேர்த்தி வைக்கச் செல்கின்றோம். இயலுமானால், கூட்டம் குறைந்த ஒரு நாளில் அவரையும் அழைத்துச் செல்லுங்கள். மாற்கு நற்செய்தியின் 2ஆம் அதிகாரத்தில் முடக்குவாதமுற்றவரை நான்கு பேர் சுமந்து வந்தனர். கூட்டம் வழிமறித்ததும் கூரையைப் பிரித்தனர். அந்நால்வர் இன்றேல் அவருக்குப் பயணமேது? ஆண்டவர் நோக்கியதும் அவர்களுடைய நம்பிக்கையையே.

சுமப்போருக்குச் சில அறிவுரைகள். புறப்படுமுன் வைத்தியரின் அனுமதியைப் பெறுங்கள். சிறப்பாக, மூளையில் சத்திரசிகிச்சை நடந்து நாளாகாதிருப்பின் விமானப் பயணத்துக்கு இது இன்றியமையாதது. வலிப்பைத் தடுக்கும் மருந்துகளையும் மூளை வீக்கத்தைக் குறைக்கும் மருந்துகளையும் ஒரு வேளையும் தவறவிடாதீர்கள். அவை கைப்பையிலேயே இருக்கட்டும். உறக்கக் குறைவும் களைப்பும் வலிப்பைத் தூண்டக்கூடியவை. ஆகவே ஓய்வுக்கு இடம்வைத்துப் பயணத்தை வகுத்துக்கொள்ளுங்கள். வலிப்பு வந்தால் கையில் இரும்புச் சாவியைத் திணிப்பதும் வாயில் கரண்டியை வைப்பதும் வேண்டாம். ஒருபக்கமாகச் சரித்துப் படுக்கவைத்து, தலையைக் காத்து, உடன் இருங்கள். 5 நிமிடங்களைக் கடந்தும் நீடித்தால் வைத்தியசாலைக்கு விரையுங்கள். நோயாளர் காரணமின்றிச் சினந்தாலும் மனம் நோகாதீர்கள். நோயே அவ்வாறு பேசவைக்கலாம்.

நெடும்பயணம் எல்லார்க்கும் இயலாது. அதனால் மகிழ்ச்சியின் வாயில் அடைபடுவதில்லை. கட்டிலிலிருந்து முற்றத்து வேம்பின் நிழல்வரை செல்வதும் பயணமே. மாலையில் கடற்கரை வீதியோரம் முச்சக்கரவண்டியை நிறுத்திக் காற்று வாங்குவதும், பேரப்பிள்ளையின் முதல் நன்மைக்கு ஆலயத்தின் பின்வரிசையில் அமர்ந்திருப்பதும், அவர் விரும்பிய ஒடியல் கூழை ஒரு கரண்டி ஊட்டுவதும் அவருக்குத் திருவிழாவாகும்.

இவற்றுக்கெல்லாம் தடையாக நிற்பது ஒன்றுண்டு. “சுவாமி, அவருக்கு வருத்தம் இன்னதெண்டு சொல்லிப் போடாதேயுங்கோ” என்று வாசற்படியிலேயே காதோடு காதாக வேண்டிக்கொள்ளும் உறவினரை, நோயாளர் இல்லங்களுக்கு நற்கருணை கொண்டுசெல்லும் குருக்கள் அறிவர். அன்பினாலேயே அவ்வாறு கேட்கின்றனர். ஆனால் மறைக்கப்படும் உண்மையை நோயாளர் பெரும்பாலும் நம் முகங்களில் படித்துவிடுகின்றார். பின்பு அவர் நமக்காகவும் நாம் அவருக்காகவும் நடிக்கத் தொடங்குகின்றோம். விடைபெறவும், மன்னிப்புக் கேட்கவும், நன்றி கூறவும் ஓகெல்லிக்குக் கிடைத்த வாய்ப்பு அவருக்குக் கிடையாது போகின்றது. அவர் கேட்கும் அளவுக்கு, தாங்கும் அளவுக்கு, கனிவோடு உண்மையைச் சொல்லுங்கள். நோயில் பூசுதலையும் இறுதி மூச்சுவரை பிற்போடாதீர்கள். அவஸ்தைப் பூசுதல் என்ற பழைய பெயரால் அஞ்சுவோர் இன்னும் உளர். இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் பின் 1972இல் புதுப்பிக்கப்பட்ட ஒழுங்கின்படி, அது கடும் நோயுற்ற எவருக்கும் ஆற்றல் தரும் அருளடையாளம். நினைவு தெளிவாயிருக்கும் போதே பெறுவது சிறப்பு.

அன்புக்குரியோரே, எலியா அந்த அப்பத்தின் வலிமையால் நாற்பது பகலும் நாற்பது இரவும் நடந்து ஓரேபு மலையை அடைந்தார். உங்கள் வீட்டு நோயாளருக்கு முன்னால் நாற்பது நாளோ நான்கு ஆண்டோ, அதை அளப்பவர் ஆண்டவர். இன்றைய நாளுக்குரிய அப்பத்தைத் தருவதோ உங்கள் கைகளில் உள்ளது. இன்று திருப்பலி முடிந்து வீடு திரும்பியதும் அவர் அருகில் அமருங்கள். எங்கே போக ஆசைப்படுகின்றீர்கள் என்று கேளுங்கள். பதில் வரும்வரை காத்திருங்கள்.

நோயாளரின் ஆரோக்கியமான அன்னை மரியாள், உங்கள் இல்லத்தில் துன்புறுவோரையும் அவர்களைச் சுமப்போரையும் தம் திருமகனிடம் கரம்பிடித்து அழைத்துச் செல்வாராக. ஆமென்.