'மண்டையே ஓடல' என்று அக்கா சொன்னபோது

குக்கர் இரண்டாவது விசில் அடித்துவிட்டது. ஃபிரிட்ஜ் கதவைத் திறந்து பிடித்தபடி அக்கா நிற்கிறாள். எதை எடுக்க வந்தோம் என்பது மட்டும் அவளுக்கு நினைவு வரவில்லை. "அதான்டா... அந்த இது... மேல தூவுவமே" என்று என்னைப் பார்த்தாள். கொத்தமல்லி என்று எடுத்துக் கொடுத்தேன். அவள் சிரிக்கவில்லை. "இப்பல்லாம் இப்படித்தான் ஆகுது. மண்டையே ஓட மாட்டேங்குது" என்றபடி, ஏற்கெனவே உப்புப் போட்ட சாம்பாரில் இன்னொரு முறை உப்பைப் போட்டாள். அவளுக்கு வயது 47.

இந்த நிலையைத்தான் இன்று 'பிரெயின் ஃபாக்' என்கிறார்கள். இது ஒரு நோயின் பெயர் அல்ல. கவனம் நிற்காதது, வாய்க்கு வர வேண்டிய சொல் வராதது, சின்னக் கணக்கும் மலைப்பாகத் தெரிவது என்று பல தொந்தரவுகளுக்கு மொத்தமாக வைத்த பெயர். கொரோனாவுக்குப் பிறகு இது பரவலாகப் பேசப்பட்டது. உலக சுகாதார நிறுவனம் 2021 அக்டோபரில் நீண்டகால கொரோனா பாதிப்பை வரையறுத்தபோது, சோர்வு, மூச்சு வாங்குவதோடு சிந்தனைத் தடுமாற்றத்தையும் சேர்த்தது. இரவுப் பணி பார்க்கிறவருக்கும், தேர்வுக்குக் கண்விழிக்கும் மாணவருக்கும் இது வரும். ஆனால் நாற்பதைத் தாண்டிய பெண்ணுக்கு வரும்போதுதான் அதை "வயசாகுதுல்ல" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறோம்.

அக்காவின் பயம் வேறு. பெரியம்மாவுக்கு வந்த மறதி நோய் தனக்கும் தொடங்கிவிட்டதோ என்று பல மாதங்களாக மனதுக்குள் வைத்துப் புழுங்கியிருக்கிறாள். யாரிடமும் சொல்லவில்லை. அவளைப் போன்றவர்களுக்கு ஆறுதலான செய்தி ஒன்று உண்டு. அமெரிக்காவில் 1996 முதல் ஆயிரக்கணக்கான பெண்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்த 'ஸ்வான்' ஆய்வில், மாதவிடாய் நிற்கப்போகும் காலத்தில் புதியவற்றைக் கற்றுக்கொள்ளும் வேகம் சற்றுத் தணிவதும், அந்தக் கட்டம் கடந்தபின் மீள்வதும் தெரிந்தது. ஈஸ்ட்ரோஜன் ஏறி இறங்கும் காலம் அது. நடு இரவில் உடம்பு கொதித்து வியர்த்து எழுப்பிவிடும். பகலில் கண்ணாடியைத் தலையில் வைத்துக்கொண்டு வீடெல்லாம் தேட வைக்கும்.

ஆனால் எல்லாவற்றையும் ஹார்மோன் தலையில் கட்டிவிட எனக்கு மனமில்லை. அவள் வீட்டில் நான்கு நாள் இருந்தேன். இரவு பத்தரைக்குக் கடைசி ஆளுக்குத் தோசை. பிறகு பாத்திரம், அடுப்புத் துடைப்பு, மறுநாளைக்கு மாவு, உளுந்து. படுக்கும்போது பதினொன்றரை. காலை ஐந்துக்குக் குழாயில் தண்ணீர் வரும் என்பதால் நாலே முக்காலுக்கு எழுந்தாக வேண்டும். ஐந்தேகால் மணி நேரம். அதிலும் இரண்டு முறை விழிப்பு. பெரியவர்களுக்கு ஏழு மணி நேரத் தூக்கமாவது வேண்டும்.

உடல் எடையில் இரண்டு சதவீதம்தான் மூளை. ஆனால் உடம்பு செலவிடும் சக்தியில் ஐந்தில் ஒரு பங்கை அதுதான் எடுத்துக்கொள்கிறது. அவ்வளவு வேலை நடக்கும் இடத்தில் கழிவும் சேரும். ரோச்செஸ்டர் பல்கலைக்கழகத்தின் மைக்கென் நெடர்கார்ட் குழு 2013இல் எலிகளிடம் ஒன்றைக் கண்டது. தூங்கும்போது மூளை செல்களுக்கு இடையிலான இடைவெளி சுமார் 60 சதவீதம் விரிகிறது. அந்த வழியே திரவம் ஓடிக் கழிவை அலசுகிறது. மனித மூளையில் இது எந்த அளவுக்கு நடக்கிறது என்ற விவாதம் தொடர்ந்தாலும், தூக்கம் குறைந்தால் மறுநாள் தலை மந்தமாகும் என்பதைச் சொல்ல ஆய்வுக்கூடம் தேவையில்லை. கைக்குழந்தை வைத்திருக்கும் எந்தத் தாயும் சொல்வாள்.

அடுத்தது சாப்பாடு. அக்கா எழுந்ததும் ஒரு டீ. எல்லோரும் சாப்பிட்டுக் கிளம்பியபின் பதினோரு மணிக்கு மிச்சம் இருக்கும் இரண்டு இட்லி, கூடவே இன்னொரு டீ. சாப்பாட்டோடு குடிக்கும் டீ, உணவிலுள்ள இரும்புச்சத்தை உடம்பு உறிஞ்சுவதைக் குறைத்துவிடும். இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்கிறது 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வு. ரத்தசோகை இருந்தால் மூளைக்குப் போகும் ஆக்சிஜன் குறையும். தலை கிறுகிறுக்கும், கவனம் சிதறும். டீயை ஒரு மணி நேரம் தள்ளி வைத்து, முருங்கைக்கீரையோடு எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்த்தால் கீரையிலுள்ள இரும்பு கூடுதலாக உடம்பில் சேரும். ஆனால் ஏற்கெனவே குறைந்திருக்கும் ரத்தத்தைக் கீரை மட்டுமே மீட்டுவிடாது. அதற்கு மருத்துவர் தரும் மாத்திரை வேண்டும்.

எனவே முதலில் ஒரு ரத்தப் பரிசோதனை. ஹீமோகுளோபின், தைராய்டு, சர்க்கரை, பி12. சைவம் மட்டும் சாப்பிடுகிறவர்களும், சர்க்கரைக்குப் பல ஆண்டுகளாக மெட்ஃபார்மின் எடுப்பவர்களும் பி12ஐ விடாமல் பார்க்க வேண்டும். அது குறைந்தாலும் மறதியும் சோர்வும் வரும். சளிக்கும் அரிப்புக்கும் கடையில் கேட்டு வாங்கிப் போடும் மாத்திரைகள் சிலவும் தலையை மந்தமாக்கும். அக்காவுக்கு ஹீமோகுளோபின் 9.1தான் இருந்தது. அதைப் பார்த்ததும் அவள் முகத்தில் வந்தது கவலை அல்ல, நிம்மதி. "அப்ப இது அந்த வியாதி இல்லைல்ல?" என்றாள்.

நடையைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2011இல் வெளியான ஓர் ஆய்வில் 120 முதியவர்களில் ஒரு பாதியினர் வாரம் மூன்று நாள், 40 நிமிடம் என்று ஓராண்டு நடந்தார்கள். நினைவுக்குப் பொறுப்பான ஹிப்போகாம்பஸ் பகுதி அவர்களுக்கு சுமார் இரண்டு சதவீதம் பெரிதானது. நடக்காதவர்களுக்குச் சுருங்கியது. வீட்டுக்குள் நாள் முழுவதும் ஓடுகிறேனே என்று அக்கா கேட்டாள். உண்மைதான். ஆனால் அந்த ஓட்டத்தில் தலைக்குள் பத்து வேலைகள் சேர்ந்தே ஓடும். மாலையில் மாடியிலோ தெருவிலோ கைவீசி நடக்கும் அரை மணி நேரத்தில் அவை இருக்காது.

படுக்கும் முன் மறுநாள் வேலைகளை ஐந்து நிமிடம் தாளில் எழுதி வைப்பதும் உதவும். பேலர் பல்கலைக்கழகம் 2018இல் வெளியிட்ட ஆய்வில் அப்படி எழுதியவர்கள் சீக்கிரம் தூங்கினார்கள். அக்கா காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதுகிறாள்: பால் கணக்கு, கேஸ் புக்கிங், சின்னவனுக்கு ஃபீஸ்.

திடீரெனப் பேச்சு குழறினாலோ, வாய் கோணினாலோ, ஒரு கை தளர்ந்தாலோ அது வேறு. உடனே 108. பழகிய தெருவிலேயே வழி தவறுவதும் கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்பதும் தள்ளிப்போடக் கூடியவை அல்ல.

ஆனால் முக்கியமான மருந்து அவள் கையில் இல்லை. சீக்கிரம் தூங்கு என்று அவளிடம் சொல்வது எளிது. பத்தரை மணித் தோசையை யார் சுடுவது? 2019 தேசிய நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபட்ட பெண்கள் அதற்கு நாளொன்றுக்கு 299 நிமிடம் செலவிட்டார்கள். ஆண்கள் 97 நிமிடம். இரும்புச்சத்து மாத்திரை வாங்கித் தந்த அத்தானிடம் இதைத்தான் சொன்னேன். இப்போது இரவுப் பாத்திரம் அவர் பொறுப்பு, காலைத் தண்ணீர் பெரியவன் பொறுப்பு. அக்கா பத்து மணிக்குப் படுக்கிறாள். மூன்று மாதம் ஆகிறது. சொல் இன்னும் சில நேரம் தட்டுகிறது. உப்பு இரண்டு முறை விழுவதில்லை.

உங்கள் வீட்டிலும் ஒருத்தி ஃபிரிட்ஜ் முன்னால் நின்று யோசித்துக்கொண்டிருப்பாள். கேலி செய்யாதீர்கள். இன்று இரவு அவளுக்கு முன்னால் எழுந்து போய் அந்தப் பாத்திரங்களை நீங்கள் கழுவுங்கள்.