தேசிங்கு ராஜா எதிர்த்தது யாரை?

சேலம் பக்கம் வளர்ந்த எனக்கு, ராஜபுத்திரர் என்றால் முதலில் தெரிந்த பெயர் ராணா பிரதாப் இல்லை. தேசிங்கு ராஜன்தான். கூத்து, பெரிய எழுத்துக் கதைப்புத்தகம், 1960-ல் வந்த எம்.ஜி.ஆர். படம் என்று எப்படியாவது காதுக்கு வந்துவிடும். முகலாயரை எதிர்த்து உயிர்விட்ட வீரன் என்றே ரொம்ப நாள் நினைத்திருந்தேன். படித்துப் பார்த்தால் அவ்வளவு நேராக இல்லைங்க.

செஞ்சிக் கோட்டையை முகலாயர் மராட்டியரிடமிருந்து பிடித்தது 1698-ல். ஏறக்குறைய எட்டு வருஷ இழுபறி. பிறகு கோட்டைப் பொறுப்பை ஔரங்கசீப் கொடுத்தது சரூப் சிங் என்ற பந்தேலா ராஜபுத்திரருக்கு. அதே பந்தேலா குலத்தின் சத்ரசால் வடக்கே ஔரங்கசீப்பை எதிர்த்து நின்றவர். ஒரே குலம், ஒருவர் கலகம், ஒருவர் உத்தியோகம். 1576 ஹல்தி காட்டிப் போரிலும் இதே கதைதான்: அக்பர் படைக்குத் தலைமை ராஜபுத்திரரான மான் சிங். ராணா பிரதாப் பக்கம் நின்று சண்டை போட்டவர்களில் ஹக்கிம் கான் சூர் என்ற ஆப்கானியரும் உண்டு.

1714-ல் சரூப் சிங் இறந்தார். மகன் தேஜ் சிங் (நம்ம வாயில் தேசிங்கு) பந்தேல்கண்டிலிருந்து வந்து பொறுப்பேற்றார். ஆற்காடு நவாப் சாதத்துல்லா கான் பல வருஷ பாக்கியைக் கேட்டார். மகனுக்குக் கோட்டை தானாக வந்துவிடாது என்பது அவர் வாதம். பாதுஷா எங்கப்பாவுக்குக் கொடுத்தது, கேட்க நீ யார் என்பது இவர் வாதம். கவனிங்க, இரண்டு பேருமே டெல்லியைக் காட்டித்தான் பேசுகிறார்கள். அந்த அக்டோபரில் சில நூறு குதிரைகளோடு பெரும்படையை எதிர்கொண்டு தேஜ் சிங் செத்தார். அப்போது நம்ம சேலம், நாமக்கல் சீமை மைசூர்க்காரர் கையில். இந்தச் சண்டையில் நமக்குப் பங்கில்லை.

இனி எழுதியவர்கள். நவாப்பின் முன்ஷி ஜஸ்வந்த் ராய் பாரசீகத்தில் எழுதியது ‘சயீத் நாமா’. எஜமானரின் சரித்திரம் அது. என் தொழிலில் சொன்னால், ஜெயித்த சர்வரின் லாக் ஃபைல். தமிழில் செஞ்சி நாராயணன் பிள்ளை 1803 வாக்கில் எழுதிய ‘கர்நாடக ராஜாக்கள் சவிஸ்தார சரித்திரம்’ இருக்கிறது; கும்பெனி அதிகாரி கேட்டு எழுதியது. 1943-ல் சி.எஸ். சீனிவாசாச்சாரி செஞ்சி வரலாற்று நூலை வெளியிட்டபோது, இப்படிப் பல மொழிச் சான்றுகளைச் சேர்த்துவைத்துப் பார்த்தார்.

எனக்கு ஆச்சரியம் கதைப்பாட்டுதான். அதிலும் தேசிங்கு டெல்லிக்கு எதிரி இல்லை. யாருக்கும் அடங்காத டெல்லிக் குதிரையை அடக்கியதற்குக் கிடைத்த பரிசுதான் செஞ்சி, அதனால் கப்பம் கட்டமாட்டான். அவனுக்காகக் கல்யாணப் பந்தலிலிருந்து எழுந்து வந்து சாகும் நண்பன் மோவுத்துக்காரன் ஒரு முஸ்லிம். பாக்கிக் கணக்கு ரோஷமாக மாறிவிட்டது, ஆனால் யாரோடு சண்டை என்பதைப் பாட்டு மறக்கவில்லை. மறந்தது நான்தான், ‘முகலாய எதிர்ப்பு’ என்று பிற்பாடு கற்றுக்கொண்ட தலைப்பை அதன்மேல் ஒட்டிவிட்டேன்.

ஒன்றே ஒன்றில் மட்டும் பாட்டு விட்டுக்கொடுக்கவில்லை. நவாப் படை கையில் அவன் சாவதில்லை. வாளை மேலே வீசி, மார்பைக் காட்டி ஏந்திக்கொள்கிறான்.