உப்பு சொன்ன கணக்கு

1947-ஆம் வருஷம். தேசப் பிரிவினையின் கலவரத்தில் வீடு வாசல் இழந்த ஜனங்கள் பெருந்திரளாக டில்லிச் செங்கோட்டைக்குள் அடைக்கலம் புகுந்திருந்தார்கள். அவர்களுக்கு உணவளிக்கும் பொறுப்பைச் சர்க்கார் சில கண்டிராக்டர்களிடம் ஒப்படைத்தது. கோட்டைக்குள் எத்தனை பேர் என்பது ஒருவருக்கும் தெரியாது; உள்ளே சென்று தலை எண்ணவும் அப்போதைய நிலைமை இடங்கொடுக்கவில்லை. ஆகவே கண்டிராக்டர் எழுதிக் கொடுத்ததே கணக்கு என்று ஆயிற்று. அந்தக் கணக்கு எப்படி வளர்ந்திருக்கும் என்பதை வாசகர்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை.

அதிகாரிகள் புள்ளி விவர நிபுணர்களை அழைத்தார்கள். கோட்டைக்குள் நுழையாமலே ஜனத்தொகையைச் சொல்ல வேண்டும் என்பது நிபந்தனை. நிபுணர்கள் கேட்டதெல்லாம் பில்களைத்தான்: அரிசி எவ்வளவு, பருப்பு எவ்வளவு, உப்பு எவ்வளவு? ஒரு மனிதனுக்கு ஒரு நாளைக்கு இவை சராசரியாக எவ்வளவு செலவாகும் என்பது முன்னமே நடந்த குடும்ப விசாரணைகளிலிருந்து தெரியும். வகுத்துப் பார்த்தார்கள். அரிசிக் கணக்குப்படி ஜனத்தொகை மிகப் பெரிது; உப்புக் கணக்குப்படி மிகச் சிறிது. நிபுணர்கள் உப்பையே நம்பினார்கள். அரிசி விலையுயர்ந்த பண்டம். அதில் பொய் சொன்னால் லாபம் உண்டு. மலிவான உப்பில் பொய் சொல்லி யாருக்கு என்ன ஆகப் போகிறது? இதே முறையை ஹுமாயூன் சமாதியில் தங்கியிருந்த சிறிய கூட்டத்துக்கும் பிரயோகித்துச் சரி பார்த்தார்கள். விடை பொருந்தி வந்தது. 1930-ல் தண்டிக் கடற்கரையில் சரித்திரம் படைத்த உப்பு, பதினேழு வருஷம் கழித்துச் சர்க்கார் கஜானாவையும் காப்பாற்றியது!

இந்தச் சம்பவத்தைத் தமது நூல் ஒன்றில் எழுதி வைத்தவர் ஸி. ஆர். ராவ் என்ற உலகப் பிரசித்தி பெற்ற புள்ளி விவர மேதை. அவரைப் பற்றிப் பின்னால் சொல்லுகிறோம். இதை நாம் இப்போது நினைத்துக்கொண்டதற்குக் காரணம் ஒரு நண்பர். அவருடைய பெண் பன்னிரண்டாம் வகுப்பில் கணிதத்தில் நல்ல மார்க்கு வாங்கியிருக்கிறாள். கல்லூரியில் புள்ளியியல் படிக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கிறாள். "ஊரெல்லாம் இஞ்சினீயரிங் படிக்கிறது. இவள் மட்டும் எத்தனை ஆடு, எத்தனை மாடு என்று எண்ணிக்கொண்டிருக்கப் போகிறாளாம். இதற்கு எவன் ஐயா சம்பளம் கொடுப்பான்?" என்று அவர் நம்மிடம் முறையிட்டார்.

ஆடு மாடு எண்ணுவதற்குச் சர்வகலாசாலைக்குப் போக வேண்டியதில்லை என்பது வாஸ்தவம். எண்ண முடியாததை எப்படி அறிவது என்பதைத்தான் அங்கே கற்பிக்கிறார்கள்.

நமது இல்லங்களில் ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் பார்க்கிறார்கள் அல்லவா? பானை எவ்வளவு பெரிதானாலும் கரண்டியைப் பெரிதாக்குவதில்லை. அதிலுள்ள சூட்சுமம் கரண்டியில் இல்லை. பானையை நன்றாகக் கிளறிவிட்டுப் பார்ப்பதில் இருக்கிறது. கிளறாத பானையின் மேல்சோறு வெந்திருக்கும், அடிச்சோறு குழைந்திருக்கும். தேசமோ ஒருவரும் கிளற முடியாத பானை! பட்டணத்துக் குடும்பங்கள் ஒருபுறம், மலைக் கிராமங்கள் ஒருபுறம், பணக்காரர் ஒரு தெருவில், கூலிக்காரர் ஒரு தெருவில். ஆகவே எந்தச் சோற்றை எடுப்பது என்று நாமாகத் தீர்மானிக்காமல், சீட்டுக் குலுக்கிப் போடுவது போல எடுக்க வேண்டியிருக்கிறது. அப்படி எடுத்தால்தான் "விடை இது, இவ்வளவு தூரம் பிசகியிருக்கலாம்" என்று பிசகுக்கும் ஓர் அளவு சொல்ல முடியும். தன் பிசகின் அளவைத் தானே சொல்லிவிடும் சாஸ்திரத்தை நாம் அதிகம் கண்டதில்லை. ஜோசியரும் சொல்லுவதில்லை, அரசியல்வாதியும் சொல்லுவதில்லை.

இது எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு 1943-ஆம் வருஷத்து வங்காளப் பஞ்சத்தைக் காட்டிலும் கொடிய சாட்சி வேண்டாம். யுத்தகாலம், பர்மா ஜப்பானியர் வசமாகி, அங்கிருந்து வந்த அரிசி நின்றுபோயிற்று. அந்த நெருக்கடியில் மாகாணத்தில் நெல் எவ்வளவு விளைந்தது என்ற கேள்விக்கு நம்பத் தகுந்த பதில் சர்க்காரிடம் இல்லை. நமது சென்னை ராஜதானியிலாவது கிராமந்தோறும் கர்ணம் உண்டு, அடங்கல் கணக்கு உண்டு. ஜமீன்தாரி முறை நிலவிய வங்காளத்தில் அதுவும் இல்லை. பதினாறணாவுக்கு எத்தனை அணா விளைச்சல் என்று கண்ணால் பார்த்து ஊகித்ததே கணக்கு. அரிசி போதாமல் பஞ்சம் வந்ததா, விலை எட்டாமல் வந்ததா என்று இன்று வரையில் பண்டிதர்கள் வாதாடுகிறார்கள். இறந்தவர்களின் கணக்காவது உண்டா? விசாரணைக் கமிஷன் 15 லட்சம் என்றது. பின்னால் ஆராய்ந்தவர்கள் 30 லட்சம் வரையில் சொல்லுகிறார்கள். நடுவிலே நிற்கும் அந்தப் பதினைந்து லட்சம் பேரும் மனிதர்கள் என்பதை நினைக்கும்போது நமக்கு நெஞ்சு பதறுகிறது.

அதே வங்காளத்தில்தான் இதற்கு மருந்தும் தயாராகிக்கொண்டிருந்தது. கல்கத்தா பிரஸிடென்ஸி கல்லூரியில் பௌதிக ஆசிரியராக இருந்த பிரசாந்த சந்திர மகலனோபிஸ், 1931 டிஸம்பரில் இந்தியப் புள்ளியியல் கழகத்தைத் தோற்றுவித்தார். ஸ்தாபனம் என்று பெயரே தவிர, இடம் அவருடைய கல்லூரி ஆராய்ச்சி சாலையில் ஓர் அறைதான். முதல் வருஷச் செலவு 250 ரூபாய்க்கும் குறைவு. 1937 முதல் அவர் வங்காளத்தின் சணல் சாகுபடியை அளக்க ஆரம்பித்தார். வரைபடத்தில் சீட்டுப் போட்டுச் சிறு சிறு துண்டுகளைப் பொறுக்கி, அங்கே ஆட்களை அனுப்பி அளந்துவரச் செய்தார். ஒரே பிரதேசத்துக்கு ஒன்றையொன்று அறியாத இரண்டு கோஷ்டிகளை அனுப்பி, இரண்டு கணக்கையும் ஒத்துப் பார்த்தது அவருடைய யுக்தி. மர நிழலில் உட்கார்ந்து கணக்கு எழுதுகிறவர்களை அவர் நன்றாக அறிந்திருந்தார் போலும்! 1950-ல் சுதந்திர பாரதத்தில் தொடங்கிய தேசிய மாதிரி விசாரணை இந்த வழியில் வந்ததே. இன்றும் அதன் ஊழியர்கள் மாதிரிக் குடும்பங்களின் கதவைத் தட்டுகிறார்கள். வருமான வரிக்காரர் என்று பயந்து கதவைச் சாத்தாமல் அவர்களுக்கு உண்மையைச் சொல்லும்படி வாசகர்களை வேண்டுகிறோம்.

இனி ராவ் அவர்கள். 1920-ல் அக்காலச் சென்னை ராஜதானியைச் சேர்ந்த பல்லாரி ஜில்லாவில் ஹடகளி என்ற ஊரில், பெற்றோருக்கு எட்டாவது குழந்தையாகப் பிறந்தார். எட்டாவது குழந்தை கண்ணன் அல்லவா, அதனால் ராதாகிருஷ்ணன் என்று பெயர். தினமும் விடியற்காலை நாலு மணிக்குத் தாயார் அவரை எழுப்பி, எண்ணெய் விளக்கை ஏற்றி வைத்துப் படிக்கச் சொல்லுவாராம். ஆந்திர சர்வகலாசாலையில் கணிதப் பட்டம் பெற்ற பிறகு, யுத்த காலத்தில் ராணுவ சர்வே உத்தியோகம் தேடிக் கல்கத்தா சென்றார். வயது போதாது என்று கைவிரித்துவிட்டார்கள். தங்கியிருந்த விடுதியில் சந்தித்த ஒருவர் மூலம் மகலனோபிஸின் கழகத்தைப் பற்றி அறிந்து, 1941-ல் அங்கே சேர்ந்தார். கல்கத்தா சர்வகலாசாலையில் புதிதாக ஏற்பட்டிருந்த புள்ளியியல் எம்.ஏ. வகுப்பின் முதல் கோஷ்டி மாணவர்களில் அவரும் ஒருவர். பிறகு அதே வகுப்புக்கு ஆசிரியரானார். ஒரு நாள் தண்டேகர் என்ற மாணவர் பாடத்தில் ஒரு சந்தேகம் கேட்டார். ஆசிரியருக்குப் பதில் தெரியவில்லை. அன்றிரவு உட்கார்ந்து யோசித்து மறுநாள் விடையுடன் வந்தார். 1945-ல் அச்சான அந்த விடை இன்று உலகமெங்கும் புள்ளியியல் பாடப் புத்தகங்களில் அவர் பெயருடன் விளங்குகிறது. 2023-ல் சர்வதேசப் புள்ளியியல் பரிசு பெற்று, அதே வருஷம் ஆகஸ்டு மாதம் தமது 102-ஆவது வயதில் காலமானார். அன்றைக்கு அந்த ராணுவ உத்தியோகம் கிடைத்திருந்தால்?

நண்பரின் கேள்விக்கு வருவோம். சம்பளம் யார் கொடுப்பார்கள்?

முதலாவது சர்க்கார். 1961-ல் ஏற்பட்ட இந்தியப் புள்ளியியல் பணிக்கு யூனியன் பப்ளிக் சர்வீஸ் கமிஷன் பரீட்சை நடத்துகிறது. பட்டப் படிப்பில் புள்ளியியல் ஒரு பாடமாக இருந்தவர்கள் எழுதலாம். ஐ.ஏ.எஸ். என்றால் பெண் கொடுக்கவும் மாப்பிள்ளை எடுக்கவும் முந்துகிறவர்களில் பலருக்கு இப்படியொரு பணி இருப்பதே தெரியாது. ரிஸர்வ் பாங்கியும் தன் புள்ளி விவர இலாகாவுக்குத் தனிப் பரீட்சை வைத்து ஆள் எடுக்கிறது. இன்ஷூரன்ஸ் கம்பெனிகளில் ஆயுளையும் ஆபத்தையும் கணக்கிட்டுப் பிரீமியம் வகுக்கும் ஆக்சுவரி வேலை இருக்கிறது. ஊதியம் உயர்வானது, ஆனால் பட்டத்துக்குப் பிறகும் வருஷக்கணக்கில் பரீட்சைகளை ஏற வேண்டும். பொறுமையில்லாதவர்கள் அந்தப் பக்கம் போகாமலிருப்பதே உசிதம்.

வைத்தியத் துறையை நாம் தனியே சொல்ல விரும்புகிறோம். க்ஷயரோகிகளை மலைக் காற்று வீசும் ஆஸ்பத்திரிகளில் மாதக்கணக்கில் படுக்க வைத்தால்தான் குணமாகும் என்று உலகம் நம்பிக்கொண்டிருந்த காலம். 1956-ல் சென்னையில் தொடங்கிய க்ஷயரோக ஆராய்ச்சி நிலையத்தில் 193 நோயாளிகளைச் சீட்டுப் போடுகிற மாதிரி இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு ஆஸ்பத்திரியில் ஆகாரமும் ஓய்வும் மருந்தும். மற்றப் பாதிக்கு அவரவர் ஏழைக் குடிசையிலேயே அதே மருந்து. ஒரு வருஷத்துக்குப் பிறகு பார்த்தால் இரு சாராரும் கிட்டத்தட்ட ஒரேயளவு குணமடைந்திருந்தார்கள். 1959-ல் வெளியான அந்த அறிக்கை உலகத்தின் க்ஷயரோக சிகிச்சையையே மாற்றியது. டாக்டரின் விருப்பப்படி பிரித்திருந்தால் இந்த முடிவை ஒருவரும் நம்பியிருக்கமாட்டார்கள். இன்று புது மருந்துகளைச் சோதிக்கும் இடங்களிலெல்லாம் புள்ளியியல் படித்தவர்களுக்கு வேலை இருப்பது இதனாலேயே.

கம்ப்யூட்டர் கம்பெனிகளும் வியாபார ஸ்தாபனங்களும் 'தரவு அறிவியல்' என்ற புதுப் பெயரில் இந்தப் படிப்பைத் தேடுகின்றன. ஆறு மாதத்தில் நிபுணராக்குகிறோம் என்று விளம்பரம் செய்யும் பள்ளிகளும் பெருகிவிட்டன. அவற்றில் பணத்தைக் கொட்டுமுன் பெற்றோர்கள் யோசிக்க வேண்டும். கூட்டல் கழித்தலை யந்திரம் செய்துவிடும். எந்த பில்லை நம்புவது என்று அதற்குத் தெரியாது. அதற்கு நிகழ்தகவும் கணிதமும் நிதானமாகப் படித்த மூளை வேண்டும். சென்னையில் மாநிலக் கல்லூரி, கிறித்துவக் கல்லூரி, லயோலா முதலியவற்றில் இளநிலைப் புள்ளியியல் இருக்கிறது. கல்கத்தாக் கழகத்தின் நுழைவுப் பரீட்சை மிகக் கடினம். கணிதத்தில் உண்மையான ருசி உள்ளவர்கள் முயன்று பார்க்கலாம். ருசி இல்லாத பிள்ளையை உத்தியோகத்துக்காக மட்டும் இதில் தள்ளினால், இரண்டாம் வருஷத்தில் வீட்டில் கண்ணீர் பெருகும் என்று எச்சரிக்கிறோம்.

நண்பர் ஒருவழியாக இசைந்தார். பெண் கல்லூரியில் சேர்ந்து ஆறு மாதமாகிறது. சென்ற வாரம் அவர் வீட்டுக்குப் போயிருந்தபோது, அவள் ஒரு நோட்டுப் புத்தகத்தில் தினமும் காலை பஸ் எத்தனை நிமிஷம் தாமதமாக வருகிறது என்று நாற்பது நாளாகக் குறித்து வைத்திருந்ததைக் காட்டினாள்.

"சராசரி ஏழு நிமிஷம் தாமதம் என்றால், நீயும் ஏழு நிமிஷம் தாமதமாகக் கிளம்பலாமே?" என்றார் நண்பர்.

"சராசரியை நம்பிக் கிளம்பினால் பாதி நாள் பஸ் போய்விட்டிருக்கும், அப்பா" என்றாள் பெண்.

நண்பர் நம்மைப் பார்த்தார். நாம் காபியைக் குடித்துக்கொண்டிருந்தோம்.