பாட்டி உயரம் குறையுறாங்களா?

ஆவடியிலிருந்து ஒருத்தர் கேட்டிருந்தாங்க: "பாட்டி வர வர குள்ளமாயிட்டே போறாங்க, வயசானா அப்படித்தானா?"

அப்படின்னு விட்டுடக் கூடாது. எனக்கு முதல்ல வர்ற சந்தேகம் எலும்புப்புரை. அது பெரும்பாலும் வலிக்கவே வலிக்காது. முதுகெலும்பு சத்தமில்லாம நசுங்கும், கூன் விழும். பாத்ரூம்ல வழுக்கி இடுப்பு எலும்பு உடையுறப்பதான் பல வீடுகளுக்குத் தெரியவே வரும்.

எலும்புக்குள்ள பழசை அரிக்கிற செல்களும் உண்டு, புதுசா கட்டுற செல்களும் உண்டு. சுமார் 30 வயசு வரைக்கும் கட்டுறவங்க கை ஓங்கியிருக்கும். மாதவிடாய் நின்னதும் ஈஸ்ட்ரோஜன் குறையும், அரிக்கிறவங்க ஜெயிச்சிடுவாங்க. டெக்ஸா ஸ்கேன்ல டி-ஸ்கோர் மைனஸ் 2.5 அல்லது அதுக்கும் கீழே இருந்தா எலும்புப்புரை.

அம்பத்தூர் எஸ்டேட்ல ஏசிக்குள்ளயே ஷிஃப்ட் பாக்குறவங்களும் கவனிங்க. வெயில் படலைன்னா வைட்டமின் டி குறையும், சாப்பிடுற கால்சியமும் சரியா சேராது. (100 கிராம் கேழ்வரகுல சுமார் 350 மில்லிகிராம் கால்சியம், நமக்கு ஒரு நாளைக்கு வேண்டியது 1000. கூழ் மட்டும் போதாது!)

பாட்டியை எங்க காட்டுறது? ஆவடியில மின்சார ரயில் ஏறி சென்ட்ரல்ல இறங்கினா எதிர்லயே ஜி.எச். முதியோர் மருத்துவப் பிரிவு இந்தியாவுலயே முதல்ல, 1978-ல, அங்கதான் தொடங்கினாங்க. எலும்பு அரிக்கிறதைத் தடுக்குற மருந்துகள் இப்ப இருக்கு. எங்க காட்டினாலும், வெறும் கால்சியம் மாத்திரையோட அனுப்பினா, "டெக்ஸா எடுக்கணுமா டாக்டர்?"னு ஒரு வார்த்தை கேட்டுடுங்க.