அட்லாண்டிக் கடலடித் தந்தி, 1858–1866

அயர்லாந்தின் வாலன்ஷியா தீவையும் நியூபவுண்ட்லாந்தையும் இணைக்கும் பொருட்டு, செப்புக் கம்பிகளின்மேல் மலாய் நாட்டு மரப்பாலாகிய கட்டாபர்ச்சாவைப் பொதிந்து, இரும்புக் கம்பிகளால் கவசமிட்டு, 1858 ஆகஸ்டில் கடலடியில் இடப்பெற்ற கேபிள், விக்டோரியா மகாராணியார் அமெரிக்க ஜனாதிபதி புக்கானனுக்கு விடுத்த 98 சொற்களைச் சேர்ப்பிக்கவே 16 மணி நேரம் கொண்டு, காப்புறையின் பழுதாலும் மிகையான மின்னழுத்தத்தாலும் சில வாரங்களிலேயே செயலற்றுப் போயிற்று.

நீண்ட கேபிளில் மின்குறிகள் மழுங்குவதன் காரணத்தை முன்னரே கணித முறையில் நிறுவியிருந்த இயற்பியல் அறிஞர் வில்லியம் தாம்ஸன், இழையில் தொங்கும் சிறு கண்ணாடியின் அசைவை ஒளிக்கற்றையால் பெருக்கிக் காட்டும் கருவியை அமைத்து, மிக நுண்ணிய மின்னோட்டத்தையும் கண்டறிய வழிகாட்டினார். கேபிள்களைச் சோதித்து ஒப்பிட மின்தடைக்குப் பொதுவான அளவு வேண்டுமென்ற எண்ணமும் வலுப்பெற்று, ‘ஓம்’ என்னும் அலகுக்கு வித்திட்டது.

1866-இல் ‘கிரேட் ஈஸ்டர்ன்’ கப்பல் இட்ட கேபிள் நிலைத்து நின்றது. கப்பலில் ஏறத்தாழப் பத்து நாட்கள் பிரயாணம் செய்து வந்த செய்தி சில நிமிஷங்களில் எட்டவே, லிவர்பூலிலும் நியூயார்க்கிலும் இருந்த பருத்தி வியாபாரிகள் அன்றைய விலையை அன்றே அறிந்து பேரம் பேசலாயினர். அனுபவம் ஒன்றையே நம்பியிருந்த தந்தித் தொழிலோ, அளவையும் கணக்கையும் ஆதாரமாகக் கொண்ட மின்பொறியியல் சாஸ்திரமாக வளர்ந்தது.