மோதிர விரல் முட்டியில் ஒரு குழி

இரத்த அழுத்தத்துக்காக மருத்துவரிடம் போகிற எவரும் ஒரு கேள்வியிலிருந்து தப்ப முடியாது: “வீட்டில் வேற யாருக்காவது பிரஷர் இருக்கா?” புனேயில் மராத்தியில் கேட்பார்கள், மதுரையில் தமிழில். பதிலைச் சீட்டில் குறித்துக்கொண்டு, கையில் பட்டையைச் சுற்றி அளந்து, மாத்திரை எழுதித் தருவார்கள். பட்டை சுற்றிய அதே கையின் விரல்களை உற்றுப் பார்ப்பவர்கள் குறைவு.

பார்க்கக் காரணம் உண்டு. கையை இறுக மூடும்போது சிலருக்கு மோதிர விரலின் முட்டி மேலெழும்பாது. அங்கே ஒரு குழி விழும். உள்ளங்கைக்குள் இருக்கும் நீள எலும்பு வளராமல் குட்டையாக நின்றுவிட்டதன் அடையாளம் அது. பெரும்பாலும் அதனால் எந்தத் தொல்லையும் இல்லை. சில நேரம் அது டர்னர் குறைபாட்டின் அறிகுறி, சில நேரம் பாராதைராய்டு ஹார்மோன் தொடர்பான கோளாறு. மிக அரிதாக, அந்தக் குழியும் மூளைப் பக்கவாதமும் ஒரே மரபணுவிலிருந்து வருகின்றன.

இதை முதலில் எழுதி வைத்தவர் துருக்கியின் அங்காராவைச் சேர்ந்த குழந்தை மருத்துவர் நிஹாத் பில்கின்துரான். கருங்கடல் கரையோரம் வாழ்ந்த ஒரு பெரிய குடும்பத்தை அவரும் உடன் பணியாற்றியவர்களும் 1973-இல் மருத்துவ இதழ் ஒன்றில் விவரித்தார்கள். அந்தக் குடும்பத்தில் குட்டை விரல் உள்ளவர்களுக்கெல்லாம் கடுமையான இரத்த அழுத்தம் இருந்தது. விரல் சரியாக இருந்தவர்களுக்கு அழுத்தமும் சரியாக இருந்தது. இரண்டும் பிரியவே இல்லை. குட்டை விரல்காரர்கள் உயரத்திலும் குறைவு. மருந்தில்லாமல் விட்டால் ஐம்பது வயதுக்குள் பக்கவாதத்தில் இறந்துபோனார்கள்.

கட்டுரை வந்தது, அதோடு சரி. சுமார் இருபது ஆண்டுகள் யாரும் அந்த ஊர்ப் பக்கம் போகவில்லை. பிறகு பெர்லினின் புக் பகுதியில் பணியாற்றிய ஃபிரீட்ரிக் லுஃப்ட் என்ற சிறுநீரக மருத்துவரின் குழுவுக்கு அந்தப் பழைய கட்டுரை கண்ணில் பட்டது. துருக்கிய வம்சாவளியைச் சேர்ந்த தோகா சகோதரர்கள் ஹக்கன், ஒக்கன் இருவரும் அந்தக் குழுவில் இருந்தார்கள். குடும்பத்தினரை நேரில் கண்டு அழுத்தம் அளந்தார்கள், கை எக்ஸ்ரே எடுத்தார்கள், இரத்தம் சேகரித்தார்கள். 50 வயதில், பாதிக்கப்பட்டவருக்கும் பாதிக்கப்படாத உறவினருக்கும் இடையே ஏறக்குறைய 50 மி.மீ. பாதரச அளவு வித்தியாசம் இருந்தது. 1996-இல் குறைபாடு 12-ஆம் குரோமோசோமில் ‘குட்டைக் கை’ எனப்படும் பகுதியில் இருக்கிறது என்று அறிவித்தார்கள். இடம் தெரிந்துவிட்டது, இனி மரபணு கிடைத்துவிடும் என்றுதான் எல்லாரும் நினைத்திருப்பார்கள். கிடைக்க மேலும் 19 ஆண்டுகள் ஆயின.

தாமதத்துக்கு ஆய்வாளர்களைக் குறை சொல்வதற்கில்லை. அதுவரை கண்டறியப்பட்ட ஒற்றை மரபணு இரத்த அழுத்த நோய்கள் ஏறத்தாழ எல்லாமே சிறுநீரகத்தில், உப்பில் போய் முடிந்தன. 1963-இல் கிராண்ட் லிடில் விவரித்த குடும்ப நோயில் சிறுநீரகம் உப்பை வெளியேற விடாமல் பிடித்து வைக்கிறது. துருக்கிக் குடும்பத்திலோ உப்பைக் கூட்டினாலும் குறைத்தாலும் பெரிய மாற்றமில்லை. அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரெனின், ஆல்டோஸ்டிரோன் எல்லாம் இயல்பாக இருந்தன. பார்ப்பதற்குச் சாதாரண இரத்த அழுத்தம் போலவே இருந்த நோய் அது. அதுதான் லுஃப்டை ஈர்த்தது.

2015-இல் முழு மரபணு வரிசையைப் படித்தபோது விடை வந்தது. ஒன்றுக்கொன்று உறவில்லாத ஆறு குடும்பங்களில், பி.டி.இ.3ஏ என்ற மரபணுவில், வெறும் 15 டி.என்.ஏ. எழுத்து நீளத்துக்குள் எல்லாப் பிழைகளும் அடங்கியிருந்தன. அந்த மரபணு தரும் நொதியின் வேலை, செல்லுக்குள் செய்தி கடத்தும் சைக்ளிக் ஏ.எம்.பி. என்ற பொருளைச் சிதைப்பது. பிழை வந்ததும் நொதி தேவைக்கு மீறிச் சுறுசுறுப்பாகிவிடுகிறது. இரத்தக் குழாய்ச் சுவரின் தசையில் சைக்ளிக் ஏ.எம்.பி. குறைந்தால் தசை தளராது, செல்களும் பெருகிச் சுவர் தடிக்கும், அழுத்தம் ஏறும். வளரும் குழந்தையின் குருத்தெலும்பில் அது குறைந்தாலோ, பி.டி.எச்.ஆர்.பி. என்ற வளர்ச்சிப் புரதம் போதிய அளவு சுரக்காது. குருத்தெலும்பு முன்கூட்டியே முதிர்ந்து எலும்பின் வளர்ச்சி நின்றுபோகும். ஒரே பிழை, இரண்டு இடங்களில் இரண்டு விளைவு.

இதில் இன்னொரு வியப்பு இருக்கிறது. இத்தனை அழுத்தத்தை ஆண்டுக்கணக்கில் தாங்கிய இதயம் வீங்கிப் பழுதாகியிருக்க வேண்டும். பாதிக்கப்பட்டவர்களிடம் எதிர்பார்த்த அளவுக்கு அந்தச் சேதம் தென்படவில்லை. இதே பிழையோடு எலிகளை உருவாக்கிப் பார்த்த பெர்லின் குழு, அந்த மரபணு மாற்றமே இதயத்தைக் காக்கிறது என்று 2022-இல் எழுதியது. இதே நொதியைத் தடுக்கும் மில்ரினோன் என்ற மருந்து, தளர்ந்த இதயத்துக்குச் சில நாள் தெம்பு தரும். மாத்திரையாக நீண்ட காலம் கொடுத்த ஆய்வில் இறப்பு கூடியது என்பது 1991-லேயே தெரிந்த செய்தி. ஏன் கூடியது என்ற புதிருக்கு ஒரு பாதி விடை, குட்டை விரல் உள்ள இந்தக் குடும்பத்திடம் இருந்திருக்கிறது.

குட்டை விரலுக்கு மரபியலில் ஒரு தனி மரியாதை உண்டு. மெண்டல் சொன்ன ஓங்கு வகைப் பரம்பரை மனிதரிடமும் உண்டு என்று முதன்முதலில் காட்டியதே குட்டை விரல்தான். 1905-இல் அமெரிக்காவின் வில்லியம் ஃபாரபி ஒரு பென்சில்வேனியக் குடும்பத்தை ஆராய்ந்து வெளியிட்டார். அப்படியானால் காலப்போக்கில் ஊரில் நாலில் மூன்று பேருக்குக் குட்டை விரல் வந்துவிடாதா என்ற ஐயம் லண்டனில் எழுந்தது. வராது என்று 1908-இல் ஒரு பக்கக் கணக்கில் விளக்கியவர் ஜி.எச். ஹார்டி. ஆறு ஆண்டுகள் கழித்து ராமானுஜனைக் கேம்பிரிட்ஜுக்கு வரவழைத்த அதே ஹார்டிதான்.

புனேக்கும் பெர்லினுக்கும் எலும்பு அளப்பதில் ஒரு பழைய உறவு இருக்கிறது, அவ்வளவு இனிமையானதல்ல. புனேயில் படித்த இராவதி கர்வே 1928-இல் பெர்லின் சென்று, யூஜின் ஃபிஷர் என்ற இனவாத மானுடவியலாளரிடம் ஆய்வு மாணவியானார். ஐரோப்பிய மண்டையோட்டின் அமைப்பில் அறிவு மேன்மை தெரியும் என்பது ஃபிஷரின் எண்ணம். கர்வே 149 மண்டையோடுகளை அளந்துவிட்டு, அப்படி ஒன்றும் இல்லை என்று எழுதினார். ஊர் திரும்பி 1939 முதல் புனே டெக்கான் கல்லூரியில் பணியாற்றினார். மகாராஷ்டிரச் சாதிகளின் உடல் அளவுகளை எடுத்தார். தென்னிந்தியாவின் மாமன் மகள், அத்தை மகன் திருமண முறையையும் விரிவாக ஆராய்ந்தார். எலும்பை அளந்தே எலும்பின் பேரால் சொல்லப்பட்ட பொய்யை மறுக்கலாம் என்பதற்கு அவரைவிட நல்ல சான்று கிடைப்பது கடினம்.

அதே புனேயில்தான், பரம்பரை என்று நாம் நினைப்பதெல்லாம் மரபணுவா என்ற கேள்வியும் கூர்மையாக எழுந்தது. ராஸ்தா பேட்டையில் உள்ள கே.இ.எம். மருத்துவமனையின் நீரிழிவு மருத்துவர் சித்தரஞ்சன் யாஜ்னிக்கும் சகாக்களும், அங்கே பிறந்த குழந்தைகளை எட்டு வயதில் மீண்டும் அழைத்துச் சோதித்தார்கள். 1999-இல் வெளியான முடிவு இது: குறைந்த எடையோடு பிறந்து, எட்டு வயதில் மற்றவரைவிடப் பருத்திருந்த குழந்தைகளிடம்தான் இன்சுலின் எதிர்ப்பும் பிற ஆபத்துக் குறிகளும் அதிகம். 1993-இல் புனேயை அடுத்த ஆறு கிராமங்களில் இன்னும் பின்னோக்கிப் போனார்கள். பெண்கள் கருவுறுவதற்கு முன்பே பதிவு செய்து, கர்ப்பத்தில் என்ன சாப்பிட்டார்கள் என்று குறித்து, பிறந்த குழந்தையை அளந்தார்கள். சராசரி எடை 2.7 கிலோ, இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் குழந்தைகளுக்கு 3.5 கிலோ. எடையில் சிறிய அந்தக் குழந்தைகளிடம் தசைதான் குறைந்திருந்தது. கொழுப்பு அந்த அளவுக்குக் குறையவில்லை.

துருக்கிக் குடும்பத்தையும் இந்தக் கிராமங்களையும் அருகருகே வைத்துப் பார்த்தால், மருத்துவர் கேட்கும் அந்த வழக்கமான கேள்விக்கு இரண்டு வெவ்வேறு விடைகள் இருப்பது புரியும். அங்கே 15 எழுத்துக்குள் ஒரு பிழை. சத்தான உணவும் நடைப்பயிற்சியும் அதை மாற்றிவிடாது. இங்கே தாயின் ஊட்டம், கருவின் வளர்ச்சி, பிறகு வந்த சோறும் சும்மா உட்கார்ந்திருக்கும் வேலையும். “எங்க வீட்ல எல்லாருக்கும் பிரஷர்” என்று இரண்டு வீட்டாரும் ஒரே மாதிரிதான் சொல்வார்கள்.

இந்தியாவில் பெரும்பான்மை இரண்டாவது வகையே, ஐயமில்லை. 2023-இல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆதரவு பெற்ற ஆய்வு நாட்டின் வயது வந்தோரில் 35.5 சதவீதத்தினருக்கு உயர் இரத்த அழுத்தம் என்று மதிப்பிட்டது. பில்கின்துரான் கண்ட நோயோ உலகம் முழுக்கத் தேடினாலும் சில குடும்பங்கள்தான். பிறகு எதற்கு இந்த அக்கறை என்று கேட்கலாம். ஒரு குடும்பத்தில் தொடங்கிய தேடல் எங்கே போய் முடியும் என்பது முன்கூட்டித் தெரியாது. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்த தண்டபாணி, ஹைதராபாத்தின் தங்கராஜ் உள்ளிட்டோர் 2009-இல் வெளியிட்ட முடிவு நினைவுக்கு வருகிறது. இரண்டு இந்தியக் குடும்பங்களின் இதயத் தசை நோயில் தொடங்கிய தேடல், எம்.ஒய்.பி.பி.சி.3 மரபணுவில் 25 எழுத்துகள் விடுபட்டவர்கள் இந்தியத் துணைக்கண்டத்தில் சுமார் 4 சதவீதம் என்ற இடத்தில் வந்து நின்றது.

நம் பக்கத்தில் ஒரு தவறான எண்ணத்தையும் இங்கே சொல்ல வேண்டும். பரம்பரை நோய் என்றதும் சொந்தத்தில் கல்யாணம் செய்ததால்தான் என்று பேச்சு போய்விடும். மறைந்து கடத்தப்படும் நோய்களுக்கு அது ஓரளவு பொருந்தும். துருக்கிக் குடும்பத்தின் நோய் ஓங்கு வகை. பெற்றோரில் ஒருவருக்குப் பிழை இருந்தாலே போதும். ஒவ்வொரு குழந்தைக்கும் அது வர சரிபாதி வாய்ப்பு. உறவில் மணந்தாலும் அசலில் மணந்தாலும் கணக்கு மாறாது.

இப்போதைக்கு இந்நோய்க்கென்று தனி மருந்து இல்லை. வழக்கமான மாத்திரைகளைச் சேர்த்துக் கொடுத்து அழுத்தத்தை இறக்குகிறார்கள். ஆகவே சீக்கிரம் தெரிவதுதான் முக்கியம். இருபது வயதுக்காரருக்குக் காரணம் தெரியாத கடும் அழுத்தம், பெற்றோரில் ஒருவர் இளவயதில் பக்கவாதத்தால் இறந்த செய்தி, இரண்டோடும் குட்டை விரல் சேர்ந்துவிட்டால், முதலில் எடுக்க வேண்டியது கையின் எக்ஸ்ரே. அதற்கு ஆகும் செலவு அதிகமில்லை. கால்சியம், பாராதைராய்டு ஹார்மோன் அளவுகளைப் பார்த்து மற்றக் காரணங்களை ஒதுக்கிய பிறகு மரபணு வரிசைச் சோதனை. பிழை உறுதியானால் உடன்பிறந்தவர்களையும், குழந்தைகள் இருந்தால் அவர்களையும் வரச் சொல்ல வேண்டும். பட்டையைச் சுற்றுவதற்கு முன், கையை மூடிக் காட்டச் சொல்ல ஐந்து விநாடி ஆகும்.